உள்ளே ஊறிய ஈரம்



பாடசாலையில் இஸ்லாம் பாடம் நடத்துகின்ற ஒரு மௌலவி ஆசிரியருக்கும் பழுதுபட்ட மீன்பிடிப் படகுக்கும் என்ன சம்பந்தம் என்று நீங்கள் கேட்கக் கூடும். கிதாபையும் வெண்கட்டியையும் தவிர வேறெதையும் பிடித்துப் பழகாத கை என்னுடையது. ஆனால் 2024 ஆம் ஆண்டு கச்சான் காற்று வீசிய காலத்தில், சாய்ந்தமருதுக் கடற்கரையில் என் ராத்தாவின் பழைய பைபர் போட்டோடு இரண்டு மாதங்களைக் கழித்தேன். அந்த இரண்டு மாதங்களில் நான் கற்ற பாடத்தை உங்களிடம் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

முதலிலேயே ஒன்றை ஒப்புக்கொண்டு விடுகிறேன். அந்தப் படகின் விடயத்தில் நான் ஒரு பெரும் தவறைச் செய்ய இருந்தேன். அரபுக் கல்லூரியில் ஏழு வருடங்கள் ஓதியவன் நான். என்னைத் தடுத்து நிறுத்தியவரோ ஐந்தாம் வகுப்போடு படிப்பை விட்ட என் ராத்தா.

படகின் கதையைச் சொல்கிறேன். 2004 டிசம்பர் 26 ஆம் திகதி கடல் எங்கள் ஊருக்குள் வந்தபோது மச்சானின் தோணியும் வலைகளும் போயின. உயிர்கள் மிஞ்சின, அல்ஹம்துலில்லாஹ். அடுத்த வருடம் உதவி நிறுவனமொன்று அவருக்கு 18 அடி நீளமான பைபர் போட் ஒன்றைக் கொடுத்தது. அந்நாட்களில் கரையோரமெங்கும் அவசரம் அவசரமாகப் படகுகள் செய்து பங்கிடப்பட்டன. அவற்றில் தரக்குறைவானவை பல இருந்தன என்பது பின்னர் தெரிய வந்தது. மச்சானுக்குக் கிடைத்தது நல்ல படகாகவே இருந்தது. அதில் 15 குதிரைவலு என்ஜினைக் கொளுவிக்கொண்டு பதினேழு வருடங்கள் அவர் தொழில் செய்தார். மூன்று பிள்ளைகளும் அந்தப் படகு கொண்டு வந்த சோற்றில்தான் வளர்ந்தார்கள்.

2022 ஆகஸ்டில் மண்ணெண்ணெய் லீற்றர் 87 ரூபாவிலிருந்து 340 ரூபாவாக ஏறியது உங்களுக்கும் நினைவிருக்கும். அதற்கு முன்பே பல நாட்கள் எண்ணெய்க்கு வரிசையில் நின்று களைத்திருந்த மச்சான், படகை இழுத்து வந்து வீட்டுக்குப் பின்னால் பூவரச மரத்தடியில் விட்டார். நிலைமை சரியாகட்டும் என்றார். நிலைமை ஓரளவு சரியாகும் முன்பே, 2023 இல் மாரடைப்பால் அவர் வபாத்தானார்.

ராத்தா இத்தா இருந்து முடித்தார். அதற்குப் பிறகு அவருடைய கவலை முழுவதும் மூத்த மகளின் காரியம்தான். வீடு கட்டிக் கொடுத்தே குமரைக் கரையேற்ற வேண்டும் என்ற எங்கள் பகுதி வழக்கத்தைப் பற்றி இன்னொரு முறை எழுதுகிறேன். மகளின் வீட்டுக்குச் சுவர் எழும்பியிருந்தது, கூரை இல்லை. மாப்பிள்ளை வீட்டார் நல்லவர்கள்தான். ஆனாலும் எத்தனை நாள் பொறுப்பார்கள்?

"தம்பி, அந்த போட்டையும் என்ஜினையும் வித்துத் தா. கூரையப் போட்டுருவம்" என்றார் ராத்தா.

நிந்தவூரிலிருந்து ஒருவர் வந்து பார்த்தார். மேலே பெயின்ட் மங்கியிருந்ததே தவிர, வெடிப்பு எதுவும் கண்ணுக்குத் தெரியவில்லை. கழுவி நிறம் பூசித் தந்தால் என்ஜினோடு சேர்த்து மூன்றரை இலட்சம் ரூபா தருவதாகச் சொல்லி, 25,000 ரூபாவை முற்பணமாகக் கொடுத்துச் சென்றார். படகு தனக்கல்ல, தன் இரண்டு ஆண் மக்களுக்கு என்றும் சொன்னார். அந்தச் சொல்லை நான் அன்றைக்குக் கவனிக்கவில்லை.

மருமகனும் நானும் படகைத் தேய்த்துக் கழுவினோம். அடிப்பக்கத்தைச் சுரண்டுவதற்காகப் புரட்ட முயன்றபோதுதான் முதல் சந்தேகம் வந்தது. அவனுடைய வாப்பாவும் கூட்டாளிகளுமாக ஐந்து பேர் தூக்கிப் புரட்டிய படகை எட்டுப் பேர் சேர்ந்தும் அசைக்க முடியவில்லை. தண்ணீர் எதுவும் உள்ளே தேங்கி நிற்கவில்லை. அப்படியானால் இந்தப் பாரம் எங்கிருந்து வந்தது?

ஊரில் படகு வேலை செய்யும் வயதான ஓடாவி ஒருவரை அழைத்து வந்தோம். அவர் சட்டைப் பையிலிருந்து பத்து ரூபாக் குத்தியொன்றை எடுத்துப் படகின் பக்கங்களில் தட்டிக்கொண்டே வந்தார். 'டக், டக்' என்று கூர்மையான சத்தம் கேட்டது. பின்னால், என்ஜினைக் கொளுவும் பலகையருகே வந்ததும் சத்தம் மாறியது. ஈரச் சாக்கில் தட்டுவது போல 'தொப், தொப்' என்றது. அவர் ஒன்றும் பேசவில்லை. துளையிடும் மெஷினை வாங்கி, உள்பக்கமாகச் சிறு துளையொன்று போட்டார். நல்ல பலகையென்றால் வெளிர் நிறத்தில் உலர்ந்த தூள் வர வேண்டும். வந்ததோ தேயிலைச் சக்கையைப் போலக் கறுத்து ஈரமான ஒன்று. அதைத் தொடர்ந்து துர்நாற்றத்தோடு தண்ணீர் கசிந்தது.

"மௌலவி, வெளியில பைபர். உள்ளுக்கு ஒண்டுமில்ல" என்றார் ஓடாவி.

சகோதரிகளே! பைபர் போட் உக்காது என்றுதான் நாம் எல்லோரும் நினைத்திருக்கிறோம். கண்ணாடி நாரும் ரெசினும் உக்குவதில்லை என்பது உண்மைதான். ஆனால் என்ஜினின் பாரத்தையும் உந்துதலையும் தாங்குவதற்காகப் பின்பக்கத்தில் ஒட்டுப்பலகையை வைத்து, அதன் இருபுறமும் பைபரால் மூடுகிறார்கள். ஆக, என்ஜின் தொங்குவது மரத்தில்தான். அந்த மூடியில் ஓர் ஆணித் துளை திறந்திருந்தால் போதும், நீர் உள்ளே போய்விடும். போன நீர் வெளியே வர வழியில்லை, காற்றும் படாது. வருடக்கணக்கில் மரம் ஊறி உக்கிப் போகும். வெளியே தோல் மட்டும் பளபளப்பாக நிற்கும். அரிசி மூடையின் அடிப்பக்கம் நனைந்திருந்தால், மேலே கை வைத்துப் பார்க்கும் நமக்குத் தெரியுமா? அதுபோலத்தான்.

நீர் எந்த வழியால் போனது என்பதையும் ஓடாவி காட்டினார். இரவில் விளக்குக் கம்பியைப் பொருத்துவதற்காக மச்சான் எப்போதோ இரண்டு துளைகள் போட்டிருந்தார். கம்பியைக் கழற்றிய பின்னர் அவற்றை அடைக்கவில்லை. பென்சில் நுனி அளவான இரண்டு துளைகள்!

ஓடாவி இரண்டு வழிகளைச் சொன்னார். ஒன்று, துளைகளைப் புட்டியால் அடைத்து, மேலே இரண்டு பட்டு பைபர் ஒட்டி, நிறம் பூசிவிடுவது. இரண்டு நாள் வேலை, 15,000 ரூபா செலவு, பார்த்தால் புதுப் படகு. சில மாதங்கள் தாங்கும். மற்றது, உள்தோலை வெட்டித் திறந்து, உக்கியதை எல்லாம் அகற்றி, உலரவிட்டுப் புதுப் பலகை வைப்பது. ஒரு மாதத்துக்கு மேல் செல்லும். செலவும் 70,000 ரூபாவைத் தாண்டும்.

அந்த நேரம் என் மனம் போன போக்கை மறைக்காமல் சொல்கிறேன். கூரைக்கு வேண்டிய கணக்கு என் தலைக்குள் ஓடியது. 70,000 ரூபாவுக்கு நாம் எங்கே போவது? வாங்குபவர் கண்ணால் பார்த்துத்தானே விலை பேசினார்? அவர் கேட்கவில்லை, நாம் பொய் சொல்லவில்லை. இது யதீம் பிள்ளைகளின் காரியமல்லவா? இப்படி ஒன்றன்பின் ஒன்றாக நியாயங்கள் வந்தன. விற்கும் பொருளில் குறை இருந்தால் அதைச் சொல்வது கடமை, மறைத்தால் வாங்கியவருக்குத் திருப்பிக் கொடுக்கும் உரிமை உண்டு என்று ஷாபிஈ மத்ஹபின் வியாபாரச் சட்டத்தைப் பிள்ளைகளுக்கு வருடாவருடம் சொல்லிக் கொடுப்பவன் நான். அதே நான் எனக்கென்று தனியாக ஒரு பத்வாவைத் தேடிக்கொண்டிருந்தேன்!

"நாளைக்குச் சொல்கிறேன்" என்று ஓடாவியை அனுப்பி வைத்தேன்.

இரவு சாப்பாட்டின்போது ராத்தா விசாரித்தார். நான் இரண்டு வழிகளையும் சொன்னேன். முதலாவது வழியைக் கொஞ்சம் நீட்டி, அழகாகவே சொன்னேன் என்று நினைக்கிறேன். ராத்தா கறிக்கோப்பையை மூடி வைத்துவிட்டுக் கேட்டார்.

"தம்பி, ஒண்டு கேக்கிறன். உன்ட மச்சான் இப்ப உயிரோட இருந்தா, அந்த போட்ல அவர நான் கடலுக்கு அனுப்புவனா?"

நான் பேசவில்லை.

"அண்டைக்கு ஒரு நாள் என்ஜின் நிண்டு போய், மறுநாள் அசருக்குத்தான் அவர் கரைக்கு வந்தார். அந்த ராத்திரி நான் எப்பிடி இருந்தன் எண்டு உனக்குத் தெரியும். நீதானே யாசீன் ஓதிக்கொண்டு பக்கத்தில இருந்த? அந்த நிந்தவூர்ப் பொடியன்மாருக்கும் ஒரு உம்மா இருப்பா. பலகை முறிஞ்சு என்ஜின் கடலுக்குள்ள போனா, அவ யார்ட்டப் போய்க் கேப்பா? எனக்கு அந்தக் காசில கூரை வாணாம்."

கை சோற்றிலேயே நின்றுவிட்டது. எனக்கு அந்த வேளையில் நினைவுக்கு வந்தது, நான் பலமுறை குத்பாவில் சொன்ன ஒரு சம்பவம். நபி (ஸல்) அவர்கள் கடைவீதியில் ஒரு தானியக் குவியலைக் கண்டு, அதற்குள் கையை விட்டார்கள். விரல்களில் ஈரம் பட்டது. இது என்னவென்று வியாபாரியிடம் விசாரித்தபோது, மழையில் நனைந்துவிட்டது என்றார் அவர். அப்படியானால் மக்கள் காணும்படி நனைந்ததை மேலே வைத்திருக்கலாமே என்று கேட்டு, ஏமாற்றுகின்றவரைக் கடுமையாக எச்சரித்தார்கள். அபூஹுரைரா (ரழி) அவர்கள் அறிவிக்கும் இந்தச் செய்தி ஸஹீஹ் முஸ்லிமில் பதிவாகியிருக்கிறது. மேலே உலர்ந்தது, உள்ளே ஈரம். இதைவிடத் தெளிவாக என் படகைப் பற்றி யார் சொல்ல முடியும்? எத்தனை தடவை மிம்பரில் நின்று சொல்லியிருப்பேன்! ராத்தாவோ அந்த ஹதீஸைப் பெயர் சொல்லி அறியாதவர். ஆனால் அதன்படி நடந்தது அவர்தான்.

காலையிலேயே நிந்தவூர்க்காரருக்குத் தொலைபேசியில் விடயத்தைச் சொன்னேன். அவர் வந்து துளைக்குள் விரலை விட்டுப் பார்த்தார். ஈரத்தை முகர்ந்தார். "சொன்னதுக்கு அல்லாஹ் உங்களுக்குக் கிருபை செய்யட்டும்" என்று கூறி, முற்பணத்தை வாங்கிக்கொண்டு போய்விட்டார். பிறகு அவர் வேறு படகு வாங்கியதாக அறிந்தேன். உண்மையைச் சொன்னால் உடனே நன்மை கிட்டும் என்று கதைகளில் வருவது போல ஒன்றும் நடக்கவில்லை. கூரை இல்லாத சுவரும் உக்கிய படகும்தான் எஞ்சின. ராத்தா தன்னிடமிருந்த ஒரு சோடிக் காப்பைக் கழற்றித் தந்தார். அந்தப் பணத்தில் வேலையைத் தொடங்கினோம்.

ஓடாவி கிரைண்டரால் உள்தோலை வெட்டித் திறந்தபோது, இரண்டங்குலத் தடிப்பான பலகையை மருமகன் வெறுங்கையாலேயே அள்ளி எடுத்தான், தேநீரில் ஊறிய பாண் துண்டைப் போல. முன்பக்கத் தளத்தின் கீழே மிதப்பதற்காக அடைத்திருந்த நுரையும் நீரை உறிஞ்சிக் கனத்திருந்தது. எட்டுப் பேராலும் அசையாத பாரத்தின் காரணம் அப்போது விளங்கியது. எல்லாவற்றையும் வாளி வாளியாக அகற்றினோம்.

அதன் பின்னர் மூன்று வாரங்கள் ஒன்றும் செய்யவில்லை. உலரவிட்டோம். ஈரத்தின் மேல் ரெசின் பிடிக்காது. மேற்கிலிருந்து சூடாக வீசும் கச்சான் காற்று எங்கள் ஊரில் எல்லோருக்கும் தொல்லை. எங்களுக்கோ அது ரஹ்மத்தாக இருந்தது. உலர்ந்துவிட்டதா என்று அறிய ஓடாவி ஓர் எளிய வழி வைத்திருந்தார். மாலையில் ஒரு பிளாஸ்டிக் தாளை விரித்து நான்கு ஓரங்களையும் நாடாவால் ஒட்டிவிடுவார். காலையில் தாளின் உட்பக்கம் வியர்த்திருந்தால் இன்னும் ஈரம் இருக்கிறது என்று பொருள். பதினாறாம் நாள் வரை வியர்த்துக்கொண்டே இருந்தது.

பிறகு கடல் வேலைக்கான ஒட்டுப்பலகையை இரண்டு பட்டாக வெட்டி, ரெசினால் ஒன்றோடொன்று ஒட்டிப் பொருத்தினார். விளிம்புகளைச் சரிவாக அரைத்து, பைபர் மெட்டைப் பட்டுப் பட்டாக வைத்து, ரெசின் பூசி, உருளையால் காற்றுக் குமிழிகளை நெருக்கி வெளியேற்றினார். ஒரு கிலோ ரெசினுக்கு ஹார்ட்னர் பத்து முதல் இருபது கிராம்தான். கூடினால் சூடேறிப் புகைந்து வெடிப்பு விழும், குறைந்தால் இறுகாது. என்ஜின் ஆணிகளுக்குத் துளை போட்ட விதம்தான் என்னைக் கவர்ந்தது. முதலில் தேவைக்கு மேல் பெரிதாகத் துளைத்து, அதை ரெசினால் நிரப்பி, இறுகிய பின்னர் அதன் நடுவில் சரியான அளவில் மீண்டும் துளைத்தார். இனி ஆணியோரமாக நீர் கசிந்தாலும் மரத்தைத் தொடாது.

வீட்டில் இருக்கும் நீங்கள் அறிய வேண்டிய சில விடயங்களையும் இங்கே சொல்லி விடுகிறேன். பைபரை அரைக்கும்போது பறக்கும் தூள் கண்ணாடித் தூள். மூக்கை நன்றாக மூடாமல் அந்த வேலையைச் செய்யக் கூடாது. அந்த உடுப்புகளைப் பிள்ளைகளின் உடுப்புகளோடு சேர்த்துத் துவைக்காதீர்கள், உடம்பெல்லாம் அரிக்கும். ஹார்ட்னர் போத்தலைக் குசினியிலோ பிள்ளைகளின் கைக்கு எட்டும் இடத்திலோ வைக்க வேண்டாம். அது கண்ணில் பட்டால் பார்வையே போகலாம். உடனே நிறையத் தண்ணீரால் நீண்ட நேரம் கழுவி, ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும். ரெசினை விரைவாக இறுகச் செய்யும் ஊதா நிறக் கோபால்ட் திரவத்தை ஹார்ட்னரோடு நேரடியாக ஒருபோதும் கலக்கக் கூடாது, வெடிக்கும். உங்கள் வீட்டு ஆண்கள் படகை நீண்ட நாள் கரையில் விடுவதென்றால், தண்ணீர் வடியும் அடைப்பைத் திறந்துவிட்டு, காற்றுப் படும்படி வைக்கச் சொல்லுங்கள். கழற்றிய ஒவ்வோர் ஆணியின் துளையையும் அன்றைக்கே அடைக்கச் சொல்லுங்கள். தொழில் காலம் தொடங்கும் முன் ஒரு குத்தியால் படகைச் சுற்றித் தட்டிக் கேட்கச் சொல்லுங்கள். ஐந்து நிமிட வேலைதான்.

ஆகஸ்ட் முடிவில் படகைக் கடலில் இறக்கிப் பார்த்தோம். பாரம் குறைந்த படகு வாத்தைப் போல மிதந்தது. செப்டெம்பரில் மருதமுனையைச் சேர்ந்த ஒருவர் வாங்க வந்தார். இந்த முறை நான் முந்திக்கொண்டேன். "இந்த இடம் உக்கியிருந்தது, திறந்து புதிதாகச் செய்திருக்கிறோம், பழைய பலகையின் துண்டு இதோ" என்று காட்டினேன். அவர் அந்தத் துண்டைக் கையில் வாங்கி விரலால் நெரித்துப் பார்த்தார்.

"திறந்து பார்த்த போட்ட நம்பலாம் மௌலவி. திறக்காதத்தான் நம்ப ஏலாது" என்றார்.

அவர் கொடுத்த விலை முதலாமவர் சொன்னதைவிடக் குறைவு. செலவையும் கழித்துப் பார்த்தால், நாங்கள் எதிர்பார்த்ததில் ஓர் இலட்சத்துக்கு மேல் குறைந்தது. கூரையின் ஒரு பாதிக்கு ஓடு வந்தது, மறுபாதிக்குத் தகரம். கலியாணம் ஐந்து மாதம் தள்ளிப் போனது. மாப்பிள்ளை வீட்டாரிடம் காரணத்தை ராத்தாவே நேரில் போய்ச் சொன்னார். அவர்கள் பொறுத்தார்கள். 2025 இல் நிக்காஹ் நடந்தது. மருமகன் இப்போது அதே ஓடாவியிடம் வேலை செய்கிறான். குத்தியால் தட்டிப் பார்க்காமல் எந்தப் படகிலும் அவன் கை வைப்பதில்லை.

ராத்தாவின் கையில் காப்பு இன்னும் திரும்ப ஏறவில்லை. ஒரு நாள் அதைப் பார்த்து நான் வருந்தியபோது அவர் சொன்னார்: "காத்து அடிக்கிற ராத்திரியிலயும் நான் நல்லா நித்திர கொள்றன் தம்பி. அது போதும்."

சகோதரிகளே! விற்பது படகாக இருந்தாலும் சரி, பாலாக இருந்தாலும் சரி, தைத்த உடுப்பாக இருந்தாலும் சரி, நம் கையை விட்டுப் போகும் பொருள் இன்னொரு வீட்டுக்குள் போகிறது. அங்கேயும் ஓர் உம்மா காத்திருக்கிறாள். நம் பொருளின் ஈரத்தை நாமே மேலே எடுத்து வைப்போம். அதனால் வரும் நட்டத்தைத் தாங்கும் மனதையும், ஹலாலான சிறிய கூரையில் நிறைந்த பரக்கத்தையும் வல்ல அல்லாஹ் நம் எல்லோருக்கும் தந்தருள்வானாக! கடலில் இருப்போரை அவன் பாதுகாப்பானாக! ஆமீன்.